நாற்பது முழங்கால்கள்

வியாழன் மட்டும் திறக்கும் காட்சிக்கூடம்.
சாவி என்னிடம்.
வருபவர்களுக்கு முதலில் நான் காட்டுவது
இந்தப் புகைப்படத்தைத்தான்:
டாராபெக் கால்பந்தாட்டக் கழகம், 1879.
மாவட்டத்தின் முதல் வாகையர்.

இருபது பேர்.
நடுவில் அணித்தலைவன் ஜேபஸ் நான்கர்விஸ்.
குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளையைப்போல்
பந்து அவன் மடியில்.
உள்ளே பன்றியின் மூத்திரப்பை, வெளியே தோல்.
சுங்கான் தண்டால் யாரோ ஊதியிருக்கிறான்,
அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கியிருக்காது.

கோப்பை எங்கே என்று கேட்பார்கள்.
அப்போது கோப்பை கிடையாது.
இறுதியாட்டம் என்ற ஒன்றே கிடையாது.
பருவம் முடிந்ததும் பத்திரிகைக்காரன்
கணக்கைக் கூட்டிப் பார்த்து ஒரு பத்தி எழுதுவான்.
அந்தப் பத்திதான் பட்டம்.
வாகை சூடினார்கள் என்றால் நிஜமாகவே சூடினார்கள்:
தொப்பிகளில் பாருங்கள், மஞ்சள் வாட்டில் பூ,
வாகைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

மைதானம் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.
ஆடு மேய்ந்த புல்வெளி,
முனைக்கு இரண்டு கம்பம்,
கிழக்கு மூலையில், எல்லைக்கு உள்ளேயே,
ஒரு யூக்கலிப்டஸ் மரம்.
கோலுக்குப் போன பந்தை அது இரண்டுமுறை தடுத்ததால்
வெளியூர்க்காரர்கள் அதை
டாராபெக்கின் இருபத்தொன்றாவது ஆள் என்றார்கள்.

செப்டம்பர். கடைசி ஆட்டம்.
லேடி ஹாரியட் சுரங்கத்து அணி வரவேண்டும்.
செவ்வாயன்று அந்தச் சுரங்கத்தின் மூன்றாம் தளத்தில்
தண்ணீர் உடைத்துக்கொண்டது.
சனிக்கிழமை வண்டியிலிருந்து இறங்கியவர்களை
இங்கே நின்றவர்கள் எண்ணினார்கள்.
பதினைந்து.
மறுபடி எண்ணினார்கள்.

"ஆடத்தான் வந்தோம்" என்றான்
அவர்கள் தலைவன் மாலக்கி குவிர்க்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நான்கர்விஸ் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான்.
ஐந்து பேர் போய் வேலியில் உட்கார்ந்தார்கள்.
மரத்தைத்தான் உட்காரவைக்க முடியவில்லை.

மழை. கையால் பிடித்த பந்து கையில் நிற்கவில்லை,
காலால் உதைத்த பந்து சேற்றைத் தாண்டவில்லை.
இரண்டு கோலுக்கு ஒன்று.
மறுநாள் இருபது பேரும் பதினோரு மைல் நடந்து
ஐந்து பெட்டிகளையும் சுமக்கப் போனார்கள்.

உட்கார்ந்த ஐவர் யார்?
செயலாளர் செப்டிமஸ் கிரைஸ்
ஆணி வாங்கிய அரைப்பென்னியைக்கூட விடாமல் எழுதியவர்.
அவருடைய குறிப்பேட்டில் இவ்வளவுதான்:
'ஐவர் ஆடவில்லை. மழை.'

என் அம்மா காலம்வரை
எல்லா வீட்டுப் பாட்டனும் அன்று ஆடியவன்.
இப்போது காற்று மாறிவிட்டது,
எல்லா வீட்டுப் பாட்டனும் வேலியில் உட்கார்ந்தவன்.
போன வருடம் இதற்காக மதுக்கடையில்
ஒரு ராடாவும் ஒரு பென்ரோஸும் மூக்குடைந்தார்கள்.
என் கணக்குப்படி அந்த வேலியில்
இதுவரை முப்பத்தொரு பேர்.
தாங்கியிருக்காது.

படம் அன்று மாலையே எடுத்தது.
சேற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று
உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன் ஒரு வியாழன்.
நாற்பது முழங்கால்.
நாற்பதிலும் சேறு.

ஒன்றில் மட்டும்,
பின்வரிசையில் பெட்டிமேல் நிற்பவனின் வலது காலில்,
ஒரு முழுக் கை பதிந்திருக்கிறது.
விரல்கள் மேல்நோக்கி.
தன் முழங்காலில் தானே
அப்படிக் கை வைக்க வராது.
கூடத்தில் யாரும் இல்லாத நேரம்
நானே குனிந்து முயன்றுபார்த்தேன்.

அவன் பெயர் படத்தின் அடியில் இருக்கிறது.
கேட்பவர்களுக்கு
அந்த இடத்தில் மை கலைந்துவிட்டது என்பேன்.